கீழ்வயலின் ஈயம்

அக்டோபர் 9, லா பாஸ்

கீழ்வயல் மண்ணில் ஈயம் வரம்புக்குள்தான் இருக்கிறது! போன மாதம் கீழே சமவெளியிலுள்ள சாந்தா குரூஸ் ஆய்வகம், "வரம்பைத் தாண்டுகிறது, உருளைக்கிழங்கு நடக் கூடாது" என்று சொல்லியிருந்தது. சரிபார்க்க எங்களிடம் வந்த மண் இது.

உதவியாளன் எலோய் கருவியைத் துடைத்துக்கொண்டே பாடினான். அவன் அக்கா சத்துர்னினாவின் வயல். ஈயம் உருக்கும் ஆலைக்குப் பக்கத்தில்தான், ஆனால் அவளுக்கிருக்கும் ஒரே நல்ல நிலம்.

"கீழ்நாட்டுக்காரங்களுக்கு மாடு மேய்க்கத்தான் தெரியும் டாக்டர், மண்ணைப் பத்தி என்ன தெரியும்?" என்றான். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 10

இரண்டு ஆய்வகத்தின் எண்ணும் ஒத்துப்போகாததால், கருவியை எப்படி அமைத்தோம் என்று இரு தரப்பும் வரிவரியாக எழுதித் தர வேண்டும். வேறொருவர் அதே அளவை எடுக்க முடியாவிட்டால் எங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை. விளக்கு, பம்பின் வேகம், அமிலம்... சலிப்பான வேலை.

அக்டோபர் 13

சாந்தா குரூஸிலிருந்து மிரேயா போன் செய்தாள். இருவர் எழுதியதையும் ஒப்பிட்டோம். எல்லாம் ஒன்றேபோல்தான் இருந்தது.

"எர்சீலியா, அமிலத்துல மண்ணை எத்தனை டிகிரியில வச்சே?"

"சோதனைக் குழாயைக் கொதிக்கிற தண்ணியில வச்சேன். எழுதியிருக்கேனே."

"நானும் அதைத்தான் எழுதியிருக்கேன். எத்தனை டிகிரி?"

"கொதிக்கிற தண்ணிக்கு என்னடி டிகிரி—"

ஐயோ. இந்த உயரத்தில் தண்ணீர் எண்பத்தெட்டிலேயே கொதித்துவிடும். அவள் ஊரில் கிட்டத்தட்ட நூறு. இங்கே குக்கர் இல்லாமல் பீன்ஸ் வேகாது. அது தெரிந்தவள்தானே நான்? எங்கள் சூட்டில் ஈயம் முழுதாக மண்ணைவிட்டு வெளியே வரவில்லையோ?

மிரேயா கேலி செய்யவில்லை. "நானும்தான் டிகிரி எழுதல" என்றாள்.

அக்டோபர் 14

குழாய்களை மூடி, எண்ணெய்ச் சட்டியில் அவள் ஊர்ச் சூட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி செய்தோம். அவள் எண்ணே வந்தது, வரம்புக்கு மேல்.

எலோய் குழாய்களைக் கழுவி அடுக்கினான். பிறகு, "எண்பத்தெட்டுன்னு போட்டு முதல் எண்ணையே அனுப்பிடலாமே டாக்டர். பொய்யில்லையே?" என்றான்.

பொய்யில்லைதான். அந்த உருளைக்கிழங்கை யார் தின்பார்கள் என்று கேட்டேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். பாவம். எனக்கும் அந்த ஆசை வந்தது.

அக்டோபர் 15

இரண்டு சூட்டையும் இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பிவிட்டேன். நடக் கூடாது என்றும்.

அக்டோபர் 18

சத்துர்னினாவிடம் நேரில் சொல்லப் போனோம். பஸ்ஸில்தான் எலோய் வாயைத் திறந்தான்: முதல் எண் வந்த அன்றே, நடலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டுவிட்டானாம்.

கீழ்வயல் முழுக்கப் புதுச் சால்; கிழங்கை நட்டுவிட்டிருந்தாள். மண்தாய்க்குப் படையலாகப் பீர் தெளித்த போத்தல் வரப்பில் கிடந்தது. "வாங்க டாக்டரம்மா, உங்க புண்ணியம்" என்று, வெற்றிலைபோல் மெல்லும் கோக்கா இலையை நீட்டினாள். கை கூசியது. வாங்கிக்கொண்டேன்.

சொன்னேன். இலைப் பையை மூடி இடுப்பில் செருகினாள்.

"நீங்கதானே சரின்னீங்க?"

"ஆமாம்மா. எங்க தப்புதான்."

தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "மேட்டுல கல்லுக்கு நடுவுலயாவது நட்டுப் பாக்கணும். முழுசா வேர் விட்டுட்டா விதைக்கிழங்கு கெட்டுடும், வாங்க" என்று மண்வெட்டியை எடுத்தாள்.

மூவரும் மாலைவரை தோண்டியெடுத்தோம். கிழங்குகள் வேர்விடத் தொடங்கியிருந்தன.