உன் நிறம் தெரிகிற டிவி

ஏட்டி அம்சா,

இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. கல்யாணமான புதிதில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் எல்லார் முன்னாலும் நான் இப்படிக் கூப்பிட்டுவிட, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போனாய். எங்கள் தென்காசிப் பக்கம் அது செல்லம் என்று உனக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பிறகு நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உனக்குக் கோபம் வரும்.

நம் வீட்டுக்கு டிவி வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பாய், பழைய பிளாஸ்மா டிவி. இப்போது எந்தக் கம்பெனியும் அதைச் செய்வதில்லை. தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஓட ஆரம்பித்தால் அறையே சூடாகிவிடுகிறது. வீட்டுக்காரர் கரன்ட் மீட்டரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஒரகடத்தில் புத்தம்புது டிவிகளைச் சோதித்து அனுப்புகிறவன் போயும் போயும் இதையா வாங்கினான் என்று ஃபேக்டரி லைனில் எல்லாரும் என்னை ஓட்டுகிறார்கள்.

நீ மட்டும் ஓட்டாமலா இருந்தாய்? "நாள் பூரா டிவி பாத்துக்கினு கீற, வூட்ல ஒண்ணு கூட இல்ல" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். வாங்கினால் பெரிதாக வாங்க வேண்டும், ஆட்களின் முகம் முகமாகத் தெரிய வேண்டும் என்பாய். அடுத்த போனஸ் வரட்டும் என்பேன் நான். போனஸும் வந்தது. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்து, ஒரு வாரம்கூடத் தாங்காமல் நீ போய்விட்டாய். அப்போது யாழினிக்கு அம்மா என்ற சொல்லே சரியாக வரவில்லை.

இந்த டிவி அவளுக்காகத்தான். விஷயத்தைக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

யாழினி இப்போது எல்கேஜி போகிறாள். எனக்கு ஷிஃப்ட் இருக்கும்போது அடுத்த தெருவில் உன் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், அத்தனை செய்கிறாள். ஆனால் உன் காரியத்துக்கு அவள் செய்த ஒரு வேலையை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. உன் போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டினாளே, அந்தப் படத்தில் நீ சிவப்பாக இருக்கிறாய். சந்தன நிறத்தில் கன்னம், ரோஸ் நிறத்தில் உதடு. முதலில் பார்த்தபோது யார் வீட்டுப் படத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அக்காவிடம் கேட்டேன். "போய்ச் சேந்தவ லட்சணமா இருக்கட்டுமேனுதான் தம்பி. எல்லார் வூட்லயும் அப்டிதான் பண்றாங்கோ" என்று அழுதாள். நீ கறுப்பாக இருந்தது லட்சணக் குறைவு என்று யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? என் போனில் இருக்கும் படங்களும் இதே கதைதான். எடுக்கும்போதே போன் தானாகப் பவுடர் பூசிவிட்டது.

எனக்கு உன் முகம் தெரியும், எந்தப் படம் எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிட்டேன். பிள்ளைக்குத் தெரியாதே, அது என் புத்தியில் உறைக்கவில்லை.

யாழினி உன் நிறம். உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பிள்ளை 'கறுப்பி' என்று கூப்பிட்டிருக்கிறது. அன்றைக்கு அவள் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து முகம், கழுத்து, கை எல்லாம் அப்பிக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்ன விளையாட்டு இது என்று கேட்டேன். விளையாட்டில்லை. "நான் மட்டும் ஏன்ப்பா அம்மா மாதிரி இல்ல? நான் வேற அம்மாவோட பாப்பாவா?"

அம்சா, நீ போன அன்றைக்குக்கூட நான் இப்படி உடைந்துபோகவில்லை.

நீயும் அவளும் ஒரே நிறம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை நம்பவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு படம் மாட்டியிருக்கும்போது அப்பா சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? அப்போதுதான் நம் கல்யாண வீடியோ ஞாபகத்துக்கு வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் உச்சி வெயிலில் என் கூட வேலை செய்கிறவன் எடுத்தது. பார்லர் பெண்ணை வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பினாயே, "மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கினு தாலி கட்டிக்க மாட்டேன்" என்று. அதில் நீ நீயாகவே இருப்பாய்.

பென் டிரைவில் கிடந்த அதைப் போனில் ஏற்றிக் காட்டினேன். கூட்டத்துக்கு நடுவில் உன் முகம் வேர்க்கடலை அளவுக்குத்தான் தெரிந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. அவளும் கார்ட்டூன் வேண்டும் என்று விரலால் தள்ளிவிட்டாள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், நீ கேட்ட மாதிரியே பெரிய டிவி.

என் சம்பளத்துக்கு அவ்வளவு பெரிய புது டிவி ஆகாது. குன்றத்தூர் ரோட்டில் ஓட்டல், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் காலி செய்கிற சாமான்களை எடுத்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே அடுத்தடுத்து இரண்டு பிளாஸ்மா நின்றன. ஒரே சைஸ், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டுமே என் கைக்கு எட்டின. இனி எது என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை யாழினியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் எப்படிச் சோதித்தேன் தெரியுமா? லைனில் செய்கிற மாதிரியேதான். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒரே நிறம் வருகிற படங்களை அதே பென் டிரைவில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டு டிவிக்கும் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி வயர் கொடுத்தார். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி நின்று மூலை மூலையாகப் பார்த்தேன்.

இடது பக்க டிவியில் ஒரு குறை இல்லை. பளிச்சென்று இருந்தது. வலது பக்கத்தது ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் எந்நேரமும் நியூஸ் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தச் செய்திப் பட்டையின் தடம் திரைக்கு அடியில் மங்கலாகப் பதிந்தே போயிருந்தது. ஒரே படம் நெடுநேரம் நின்றால் பிளாஸ்மாவில் அப்படி ஆகும். எங்கள் லைனில் வந்தால் அரை நிமிஷம் யோசிக்காமல் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் தள்ளியிருப்பேன். அங்கேயும் அதைத்தான் செய்தேன். இடது பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், பேக் பண்ணுங்கள் என்று சொல்லியாயிற்று.

உன் புருஷனுக்கு டிவி பார்க்கத் தெரியாது என்று நீ சொல்வாயே, அது சரிதான். எனக்குக் கண்ணாடியும் அதிலுள்ள புள்ளியும்தான் தெரியும். உள்ளே வருகிற மனுஷர் தெரியாது. எந்தப் படத்துக்கு நாம் போனாலும் நீ கதையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாய், நான் திரையின் ஓரத்தில் நிறம் வெளுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யாழினிக்குச் சலித்துவிட்டது. எத்தனை நேரம்தான் வெள்ளையையும் சிவப்பையும் பார்ப்பாள்? "அப்பா, இதுல ஆளுங்களே வரமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. யாருக்காக இந்த டிவி வாங்க வந்தேன், எதை வைத்துச் சோதிக்கிறேன்? பென் டிரைவில் மீதி இருந்தது நம் கல்யாணம்தான். போனில் காட்டியபோதுகூட நான் அதை முழுசாகப் பார்க்கவில்லை, முடியவில்லை. இப்போது அதைத்தான் போடச் சொன்னேன்.

கோயில் வாசல் வந்தது, கூட்டம் வந்தது, அப்புறம் நீ வந்தாய். இரண்டு திரையிலும் நீ. அந்தச் சந்துக் கடையில், மிக்சிக்கும் ஃபேனுக்கும் நடுவில் உன்னை இவ்வளவு பெரிதாகப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்திலிருந்த வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டேன்.

குறையில்லாத இடது டிவியில் நீ சிவப்பாக வந்தாய். அதே ஸ்டுடியோ நிறம். ஒளியைக் குறைத்துப் பார்த்தேன், முகம் சாம்பலாகிவிட்டது. வலது பக்கத்தில் நின்றது என் அம்சா. வெயிலில் மினுங்குகிற கறுப்பு, மூக்கு நுனியில் வேர்வை, நெற்றியில் வழிந்த குங்குமம். மாலையைச் சரிசெய்துகொண்டே என் பக்கம் திரும்பி, "இன்னா மாமா, என்னியே பாத்துக்கினு கீற, அங்க பாரு" என்றாய். உன் குரல் அம்சா. உன் குரல் அதில் பதிந்திருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

யாழினி மெதுவாக வலது பக்க டிவிக்கு முன்னால் போய் நின்றாள். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் கையை உன் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். கையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, அம்மா என் கலர்ல கீது."

கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, ஃபேன் ஒன்றைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் ரிஜெக்ட் பண்ணிய டிவியைக் கட்டச் சொன்னேன். அதில் அடியில் தடம் இருக்கிறதே, பரவாயில்லையா என்று அவரே கேட்டார். பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்துபோய் உன் போட்டோவைக் கழற்றி முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நீ இருந்திருந்தால் இதற்கெல்லாம் டிவி எதற்கு? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பாய். திரை ஓடும்போது நீ இருக்கிறாய். நிறுத்தினால் அறையில் சூடு மட்டும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடக்கிறேன்.

வீடியோவின் கடைசியில் நீ கோயில் படி இறங்கி ஆட்டோவில் ஏறுகிறாய், கதவோரம் சேலை மாட்டிக்கொள்ள அதை இழுத்துவிட்டுச் சிரிக்கிறாய். அதோடு படம் முடிந்துவிடுகிறது. தினமும் அந்த இடத்தில் யாழினி என் முகத்தைப் பார்த்து, "அப்புறம்?" என்று கேட்கிறாள்.

இத்தனை நாளும், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனி தள்ள மாட்டேன். அந்த ஆட்டோ நம்மை எந்த வீட்டுக்குக் கொண்டுபோனது, முதல் சமையலில் நீ குழம்பைத் தீய்த்துவிட்டு என்மேல் எரிந்துவிழுந்தது, அவள் வயிற்றில் இருந்தபோது மாங்காய் கேட்டு என்னை மழையில் விரட்டியது, கடைசி வாரம், கடைசி நாள், எல்லாவற்றையும் சொல்வேன். உன்னைச் சாமியாக்க மாட்டேன். உன் கோபத்தையும் பிடிவாதத்தையும் வெளுக்காமல், நீ எப்படி இருந்தாயோ அப்படியே அவளிடம் கொடுப்பேன். இது உன்மேல் சத்தியம் அம்சா.

இப்படிக்கு,
உன் மாமா,
உன் நிறத்துக்காரியின் அப்பா