மீசைக்கு ஒரு கூரை

உனக்கு மீசை வைப்பதென்று நினைவுக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. இதற்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. முதல் கூட்டத்தில் கருத்து வேறுபாடு, இரண்டாவதில் டீயும் வடையும். மீசையில்லாத வீரனை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள் என்று மூன்றாவதில் தலைவர் சொன்னதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. செயலாளன் என்ற முறையில் நான்தான் எழுதி வைத்தேன். நீ வாழ்நாளெல்லாம் முகத்தை மழுங்கச் சிரைத்திருந்தவன் என்பதை யாரும் மறக்கவில்லை. அது ஒரு தடையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வீடுகளை ஒட்டிய சாலை வளைவில், மழைக்கு நடுவிலும் பெயிண்ட் வாசனை அடித்தது. உன் சிலைக்கு மேல் போட்ட கூரையின் தூண்களுக்கு நேற்றுதான் பச்சை அடித்தார்கள். அங்கே நின்றபோது உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

அந்த வளைவில்தான் நீ நிற்பாய். பட்டாளத்திலிருந்து பதக்கத்தோடு திரும்பியபின், மழைக்காலக் காலைகளில் பெரிய கறுப்புக் குடையை விரித்து, லயத்துப் பிள்ளைகளை மேலே ஃபாக்டரி கேட் வரை கூட்டிப் போவாய். ஏலப்பாறை பஸ் அங்கேதான் நிற்கும். குடைக்குள் அடங்காத பிள்ளைகள் நனைந்தபடி பள்ளிக்குப் போய், நனைந்தபடி உட்கார்ந்திருந்து, காய்ச்சலோடு திரும்பும். வளைவிலேயே பஸ் நிற்க வேண்டுமென்று மனு கொடுத்தாய். ஷெட் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்த முடியாது என்றது ஓர் அலுவலகம். பஸ் நிற்காத இடத்தில் ஷெட் கட்ட முடியாது என்றது இன்னொன்று. இரண்டுமே உன் வீரத்தைப் பாராட்டித்தான் பதிலை முடித்திருந்தன.

“ஓடுற பஸ்ஸில இருந்தே டிரைவர் சல்யூட் அடிக்கான்லே. பிரேக்கத்தான் மிதிக்க மாட்டேங்கான்” என்பாய்.

பனிமலையில் குண்டடிபட்டுக் கிடந்த இருவரைச் சுமந்து இறக்கியதற்குக் கிடைத்த பதக்கம் அது. கேட்டால், “ரொம்பக் குளிருலே, நம்ம ஊரு தேவல” என்பதோடு நிறுத்திக்கொள்வாய். அந்த வாக்கியத்தையே பீடத்தில் பொறிக்கலாம் என்றேன். குழு ஏற்கவில்லை.

நீ போனபின் உன் மனைவி செல்வராணி, சிலைக்குப் பதிலாக வளைவில் உன் பெயரில் ஒரு வெயிட்டிங் ஷெட் கட்டச் சொன்னாள். நம் பக்கத்தில் எத்தனையோ தலைவர்களுக்கு அதுதானே நினைவுச் சின்னம். நாட்டைக் காத்தவன் பெயருக்குக் கீழே ஜனங்கள் வெற்றிலை துப்புவதா என்று தலைவர் குரல் தழுதழுக்கக் கேட்டார். ஆகவே சிமெண்டில் சிலை வந்தது. மீசைத் தீர்மானம் சிலை முடிந்த பிறகு வந்ததால், மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டில் அதை வரைந்தார்கள். திறப்பு விழா நடந்த வாரமே மழை பிடித்தது. மீசை முதலில் தாடியாயிற்று. பிறகு பதக்கம் வரை இறங்கியது.

அவசரக் கூட்டம் கூடியது. மீசையைக் காக்கக் கூரை வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. பின் வரிசையிலிருந்து செல்வராணி எழுந்தாள்.

“கூரையக் கொஞ்சம் அகலமா போடுங்கண்ணே. ரெண்டு பெஞ்சும் போட்டுருங்க. மரியாத செய்ய வாறவங்க உக்காரணும்லா.”

தலைவர் கண் கலங்கிச் சம்மதித்தார். அவள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் உன்னோடு வாழ்ந்தவள்.

மரியாதை செய்ய நிறையப் பேர் வருகிறார்கள், பெரும்பாலும் காலையில், புத்தகப் பையோடு. போன வாரம் ஓர் அதிகாரி வந்து கூரையையும் பெஞ்சுகளையும் சுற்றிப் பார்த்து, இது ஷெட்தான் என்று எழுதிக்கொண்டு போனார்.

உன் குடை இப்போது என்னிடம் இருக்கிறது. நீ போனதிலிருந்து பிள்ளைகளோடு மேலே நடப்பவன் நான்தான். இன்றும் அதை எடுத்துக்கொண்டே வளைவுக்குப் போனேன். நல்ல மழை. பஸ் வளைவிலேயே நின்றது, கூரைக்கடியிலிருந்து பிள்ளைகள் ஏறினார்கள். குடையை விரிக்கவில்லை.