வீடியோவின் முடிவில் ஒரு சிரிப்பு

மார்ச் 4

என் அருமை அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பியின் மேலுதட்டில் மீசை என்று சொல்லத்தக்க ஒன்று உதயமாகிவிட்டது. அம்மா அதைப் பேனா மை என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்க வந்தாள். துடைத்தும் போகவில்லை. ஆகவே மீசைதான்.

உங்கள் விளையாட்டு விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறு ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள், அதையும் அம்மாவே விழுங்கிவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். போன ஞாயிறு, "சாப்பிட்டியாடி?" என்று அவள் கேட்டதற்கு "ம்" என்றாய். சாப்பாட்டைப் பற்றி நீ ஒரே எழுத்தில் பேசி நான் கேட்டதில்லை. குண்டு எறிகிறவள் குண்டூசியாகவா இருப்பாள்? இருபதாம் தேதி அணித் தேர்வு. வெளுத்துக் கட்டு, முதலில் சாப்பாட்டை.

அந்த வீடியோவை நீ பார்த்திருப்பாய். போன மாதப் போட்டியில் நீ குண்டு எறிந்த காட்சியின் மேல், "அண்ணன் எறியிறாரு, ஒதுங்குங்கப்பா!" என்று குரல் சேர்த்துப் பரப்பியது என் வகுப்பு நெட்டையன்தான். கவலையை விடு. பள்ளிக்கூடப் பின்வாசலில் வைத்து ஒரே அறை. பயல் சுருண்டு விழுந்தான். நான் நின்ற தோரணையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் மெய்க்காப்பாளன்,
வாலு


மார்ச் 8

வாலு,

மீசைக்கு வாழ்த்து. யாரையும் அடிக்க வேண்டாம்.

விடுதிக்கு விளையாட்டு உடை தரும் கம்பெனிக்காரர்கள் போன மாதக் கடைசியில் சுவரொட்டிக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். அவர்கள் மேலாளர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "நீ பின்வரிசையில நில்லும்மா, தோள் தெரியாம. கொஞ்சம் இளைச்சீன்னா உனக்குத்தான் நல்லது. நாளைக்கு டிவியில வந்தா பொண்ணாத் தெரியணும்ல?" திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அக்கறையாகச் சொன்னார். பின்வரிசையில் போய் நின்றேன்.

அன்றிலிருந்து இரவில் சாப்பிடுவதில்லை. என் அறையில் இருக்கும் தடை ஓட்டக்காரி தன் முட்டையை என் தட்டில் வைக்கிறாள். நான் அவள் தட்டிலேயே திருப்பி வைக்கிறேன். தோள் இளைத்ததா தெரியவில்லை. குண்டு மட்டும் எப்போதும் விழும் இடத்துக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. "என்னடி, கையில உயிரே இல்ல?" என்று பயிற்சியாளர் அக்கா கத்துகிறார். தூக்கம் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்த வீடியோ முடியும்போது ஒரு சிரிப்பு கேட்கிறது. மூக்கால் சீறி, நடுவில் விக்கி, மறுபடி சீறும் சிரிப்பு. அது யாருடையது? போன ஞாயிறு அம்மாவிடம் சீக்கிரம் போனை வைத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா


மார்ச் 11

அன்பு அக்கா,

சிரிப்பா? உலகத்தில் மூக்கு இருக்கிறவன் எல்லாம் அப்படித்தான் சிரிப்பான். நீ துப்பறியும் இலாகாவில் சேர வேண்டியவள். நெட்டையன் இப்போது என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் ஓடுகிறான். அந்த மேலாளர் முகவரியை அனுப்பு, அவருக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. முட்டையைத் திருப்பி வைக்காதே.

வாலு


மார்ச் 14

தம்பிக்கு,

நீ நேராகப் பதில் சொல்லவில்லை. அதுவே பதில்.

தெருவில் போகிறவர்கள் சொன்னது தெருவோடு போயிற்று. மேலாளர் சொன்னதைக்கூட அவர் பிழைப்பு என்று விட்டிருப்பேன். வீட்டில் ஒருத்தனுக்காவது நான் இப்படியே போதும் என்று நினைத்திருந்தேன்.

பதினெட்டாம் தேதி காலை தேர்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடப் போவதில்லை. வீட்டுக்கு வருகிறேன். என்னை அழைத்துப்போக நீ வராதே.

அக்கா


மார்ச் 17, உன் விடுதி வாசல்

அக்கா,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று பஸ் ஏறி வந்துவிட்டேன். "உள்ள விடமுடியாது தம்பி, கடுதாசி வேணா குடுக்கிறேன்" என்கிறார் காவலாளி. அவர் பேனாதான் இது. நடுநடுவே உதறினால்தான் எழுதுகிறது.

அந்தச் சிரிப்பு என்னுடையது.

வீடியோவும் நான் எடுத்ததுதான். எங்கள் அக்கா எறிவதைப் பாருங்கடா என்று பெருமையாகத்தான் வகுப்பில் காட்டினேன். நெட்டையன் அதைத் தன் போனுக்கு வாங்கி, அங்கேயே குரல் சேர்த்தான். "ஏண்டா, இது உனக்கு அக்காவா அண்ணனா?" என்றான். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது நான்தான் என்று தெரிந்தது. சிரித்தேன், அக்கா. மற்றவர்களைவிடச் சத்தமாக. அவன் போன் அதையும் பதிந்துகொண்டது.

நேற்று வகுப்பு நடுவில் எழுந்து, "அது என் அக்கா, அழிடா" என்றேன். பாதியில் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் அழித்தான். ஆனால் ஏற்கெனவே எத்தனை போனில் போயிருக்கிறதோ, அதற்கு என்னிடம் வழி இல்லை.

இங்கிருந்து கம்பிவேலி வழியாக மைதானம் தெரிகிறது. நீ கன்னத்தோடு குண்டை அணைத்துக்கொண்டு திரும்பினாய். அந்தத் தோளை எதற்காக மறைக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். இன்று இரவு மட்டும் சாப்பிட்டுவிடு. என்னை வந்து பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. சாப்பாட்டு மணி அடிக்கும் வரை வாசலில் இருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே அறை, சுருண்டு விழுந்தான் என்றெல்லாம் எழுதினேன் அல்லவா? அறையும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

தம்பி