வெள்ளிக்கிழமை இரண்டாவது டிரிப்பு

செப்டம்பர் 16, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். கரியாலூர் முழுக்க மேகம். துவைத்த புடவை இன்னும் காயவில்லை.

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம். 'டிரிப்' என்ற சொல் வந்தது. சிற்றுலா என்று பலகையில் எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "டிரிப்புன்னா பஸ்ஸு, டீச்சர்!"

சரிதான். இங்கே நேரமே அதுதான். மொத டிரிப்பு வந்தால் காலை, ரெண்டாவது வந்தால் விளக்கு வைக்கும் நேரம். மூங்கில்துறைப்பட்டு மாமாவுக்கு டிரிப்பு என்றால் ஆலைக்கு ஒரு நடை கரும்பு. கள்ளக்குறிச்சி வேன்காரருக்கு ஆள் சேர்ந்தால்தான் டிரிப்பு. அகராதியில் இடறி விழுவது என்றும் இருக்கிறது. சும்மா சுற்றிப் பார்க்கப் போவதற்கு இந்தச் சொல் இங்கே யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

டிரிப் கட். இரண்டுமே.

ரேடியோவில் சாலை மறியல் செய்தி. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வண்டியும் ஓடவில்லை. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சின்னான் அண்ணன் கேட்டார்.

"எதுக்காம் டீச்சர்?"

"படிப்புல, வேலையில இட ஒதுக்கீடு வேணும்னு."

"கேக்கட்டும், நாயந்தான். பஸ்ஸ வுட்டுட்டுக் கேட்டா இன்னாவாம்?"

உப்பு, சோப்பு, மண்ணெண்ணெய் தீர்கிறது. சீக்கிரம் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 18, வெள்ளி

இன்றும் இல்லை. அண்ணனின் மாத்திரை வரவேண்டிய நாள்.

அவருக்கு வலிப்பு. மாத்திரை விழுங்குகிறவரை ஒன்றுமில்லை. வாராவாரம் கள்ளக்குறிச்சி மருந்துக்கடை பாய் பொட்டலம் கட்டி, இரண்டாவது டிரிப்பில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். வாசலில் இரண்டு ஹாரன். அவர் மனைவி ராசாத்தி அக்கா ஈரக்கையோடு ஓடி ஜன்னல் வழியாக வாங்குவாள். கூடுதலாக ஒரு வாரத்துக்கு வாங்கி வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. பஸ்தான் வருகிறதே.

செப்டம்பர் 20, ஞாயிறு

மழை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மிச்சமிருந்த ஒரே மாத்திரையை அக்கா அரிவாள்மனையில் வைத்து இரண்டாக்குகிறாள். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. விரலில் ஒட்டிய மாவையும் அவர் நாக்கில் தடவிவிட்டாள்.

"நான் கீழே நடந்துபோய் வாங்கி வரட்டுமாண்ணா?"

"டீச்சர் எறங்குறதுக்குள்ள பஸ்ஸு ஏறி வந்துரும்." அவரே சிரித்துக்கொண்டார்.

"சிரிச்சிக்கினே இரு," என்றாள் அக்கா. "எழுந்து நடந்தா கால் தேஞ்சா பூடும்?"

"நாளைக்கு வந்துரும்டி."

அவள் மறுபடி கேட்கவில்லை. நானும்தான். எங்கள் எல்லோருக்கும் அந்த 'நாளைக்கு' போதுமாக இருந்தது.

செப்டம்பர் 22, செவ்வாய்

மத்தியானம் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. நிற்கவில்லை. நின்றதுபோல இருந்து மறுபடி.

கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கிப் போனார்கள். அக்கா கூடவே ஓடினாள், செருப்பில்லாமல். திருப்பம்வரை குடை பிடித்தேன். அப்புறம் பாதை குறுகிவிட்டது.

பள்ளிக்கூடம் போகவில்லை. அடுப்பு மூட்டவில்லை.

செப்டம்பர் 23, புதன்

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அதே தூளி.

தூக்கிப் போனவர்களில் மூத்தவர் சொன்னார்: "ரோட்டுல நெறைய புளியமரம் கெடந்துது. மறியல் பண்றவங்களே தோள் குடுத்துத் தாண்டி வுட்டாங்க. ஒர்த்தரு தண்ணிகூடக் குடுத்தாரு. கச்சிராயபாளையம் தாண்டினோம். அப்பறம் பார்த்தா மூச்சு இல்ல."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இரவு முழுக்கக் கூரையில் மழை.

செப்டம்பர் 25, வெள்ளி

வெயில். புடவை காய்ந்துவிட்டது.

இருட்டும் நேரம் வாசலில் இரண்டு ஹாரன். அக்கா அசையவில்லை. நான் போனேன்.

"இன்னா டீச்சர், யக்காவக் காணோம்? போன வாரத்துதும் சேத்துக் குடுத்தாரு பாய். அண்ணங்கிட்ட சொல்லிடுங்க."

நடந்ததைச் சொன்னேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், ஊதாமலே எடுத்துவிட்டார்.

பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"ரெண்டாவது டிரிப்பா, டீச்சர்?"

"ஆமாங்க்கா."

"அப்ப அவருக்கு வெளக்கு வெக்கணும்," என்று எழுந்தாள்.