இடப்பக்கப் பை

யாழ்ப்பாணம்
9.12.1974

அன்புள்ள பத்மாசினிக்கு,

நீயும் பிள்ளையும் சுகந்தானே? திருகோணமலையில் மழை விட்டதா?

மின்சாரப் பாடத்தில் நான் முதலில் சொல்வது உனக்கும் தெரியும்: கம்பியைத் தொடும்போது இடக்கை காற்சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும். போன கிழமை ஒரு மாணவன் கம்பியில் ஒட்டிக்கொண்டான். நான் இடக்கையால் இரும்பு மேசையைப் பிடித்தபடி அவனை இழுத்துவிட்டேன். தப்பியவன், “சேர், உங்கடை கை பைக்குள்ளை இருக்கேல்லையே!” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

இடப்பக்கப் பை ஆழமாக ஒரு களிசான் தைப்பித்து அனுப்பு. அன்றிலிருந்து என் இடக்கை எந்நேரமும் பைக்குள்தான்; நான் பாடத்தைக் கடைப்பிடிப்பதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். கை நடுங்குவது தெரிந்தால் வேலை போய்விடும், பத்மா. இதைச் சொல்ல இங்கே எனக்கு யாருமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிறது. லீவில் வரும்போது பிள்ளையை என் கையில் தந்துவிடாதே.

பஞ்சலிங்கம்