மெலிந்த புத்தகம்

காலையில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். சூடு ஆறாத தாளின் அந்த மை வாசனை ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவியதும் உன் ஞாபகம்தான் வந்தது. உனக்குப் பிடிக்காத வாசனை. "வந்துட்டு பாரு, பாடத்தை எரிச்ச நாத்தம்" என்பாய். இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. நானே மூக்கைத் தேய்த்துக்கொண்டு கட்டைப் பிரித்தேன்.

மெல்லக் கற்போர் கையேடு. ஒன்பதாம் வகுப்பு அறிவியல். தடித்த பாடநூலில் மார்க் வரக்கூடிய கேள்வியையும் பதிலையும் மட்டும் எடுத்து, பின் அடித்த சின்னப் புத்தகம். இதைக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் பெரிய புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம் என்பது ஹெச்.எம். சாரின் உத்தரவு. "அடுத்த வருசம் பத்தாங் கிளாஸ்லா டீச்சர். இப்பமே பழக்கினாத்தான் பாஸாகும்" என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன, அவரைக் கேள்வி கேட்கவும் மேலே ஆள் இருக்கிறது. புரட்டிப் பார்த்தேன். நீ கேட்பாய் என்றுதான் பார்த்தேன். சிறுநீரகப் பாடம் இல்லை.

நாம் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஏ பிரிவு உனக்கு, பி பிரிவு எனக்கு. கீரிப்பாறையிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸில், ரப்பர் ஒட்டுப்பாலின் வாடைக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இந்த முறை எந்தப் பாடத்தைச் சாய்ஸில் விடலாம் என்று பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் வந்து சேர்வோம். அன்று அது தவறாகத் தோன்றவில்லை. பிள்ளைகளின் பாரத்தைக் குறைப்பதாகத்தான் நினைத்தோம். படம் வரைவது கஷ்டம், கேள்வியும் ஒன்றுதான் வரும், விட்டுவிடுங்கள் என்று சொன்னால் வகுப்பே கைதட்டும்.

பிறகு உனக்கே சிறுநீரகம் கெட்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உன் கையில் குழாயைப் பொருத்த வந்த நர்ஸ் நம்முடைய பழைய மாணவி. எந்த நிலைமையிலும் உனக்கு வாய் சும்மா இருக்காதே.

"மக்கா, கிட்னி பாடம் ஞாபகம் இருக்கா?"

"அது நாம சாய்ஸ்ல விட்டதுலா டீச்சர்! பொறவு நர்சிங் காலேஜ்லதான் படிச்சேன்."

நீ குலுங்கிச் சிரித்ததில் மெஷின் கத்தத் தொடங்கியது. அவள் பதறிப்போய் உன் கையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் உன் முகம் மாறியது.

"ஏட்டி, இவளுக்குப் பொறவாவது கிடைச்சுது. பத்தோட நிக்கப்போற பிள்ளைக்கு நாம குடுக்கதுதான் கடைசிப் புத்தகம். அவளுக்குப் போயி மெலிஞ்ச புத்தகமா குடுக்கோம்?"

புதுப் பாடத்திட்டம் வந்த ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு அழைத்து உட்கார வைத்து, கல்வியின் நோக்கம் என்ன என்று எத்தனையோ பேர் பேசிக் கேட்டாயிற்று. என் மனதில் நின்றது நீ படுத்துக்கொண்டே சொன்ன இதுதான். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பேசாம கெட" என்றேன். நீ விடவில்லை.

"அந்தப் பாடத்தைப் படிச்சவ நான். காலையில நெறச்ச தண்ணி பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனவளும் நான்தான்."

பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் போகப் பயந்து நாம் தண்ணீர் குடிக்காமல் கழித்த காலம் கொஞ்சமா? உன் நோய்க்குச் சர்க்கரைதான் காரணம் என்றார் டாக்டர். இருக்கட்டும். ஆனால் கடைசியில் உனக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். நீ உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சண்டை போட எனக்கு இப்போது தெம்பில்லை. கடைசிப் பீரியடில் கையேட்டைக் கொடுத்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அதைப் பார்க்கத்தான் அதிக அலுப்பாக இருந்தது. பெரிய புத்தகத்தைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "இரு மக்கா, அதை வெளிய எடு" என்றேன். போர்டில் சிறுநீரகத்தை வரைந்தேன். உன் அளவுக்கு எனக்குப் படம் வராது. "மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கு டீச்சர்" என்று சிரித்தார்கள். ஹெச்.எம். வராந்தாவில் நின்றார்.

"டீச்சர், அது மெட்டீரியல்ல இல்லியே?"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வரைந்துகொண்டே இருந்தேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நாளைக்கு ரூமுக்குக் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

பாடம் முடிந்ததும், காலையில் கொண்டுவந்த தண்ணீர் யாருக்கெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசி பெஞ்சில் கீரிப்பாறைப் பிள்ளை ஒருத்தி. அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவள். எழுந்து நின்று கேட்டாள்.

"பாத்ரூம் கதவுல கொண்டி இல்ல டீச்சர். தண்ணியும் வராது. அப்பம் எப்பிடிக் குடிக்க?"

நாளை ஹெச்.எம். கூப்பிட்டால் அவரிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன். உன் அடக்கம் முடிந்த மறுவாரம் உன் மகள் என்னிடம் கொடுத்த உன் எவர்சில்வர் பாட்டில் மேசையில் இருந்தது. தினமும் அதைத்தான் கொண்டுவருகிறேன். எடுத்துப் பார்த்தேன். காலையில் நிறைத்தது அப்படியே கனத்தது.

பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கையைத் தூக்கினேன்.