காலுக்கு ஒரு பற்றறி

பொத்தானை அமுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சுவிசில், வின்டர்தூரில் உன் வீட்டுக்குப் பின்னால் நம் கூடு நான்கு இரும்புக் கால்களில் அசையாமல் நின்றது. பிக்கப்பின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் அந்தச் சின்ன வீட்டுக்கு அப்படிப் பெயர் வைத்தவன் நீ. கால்கள் நீண்டு அதை உயர்த்தினால்தான் என் பிக்கப் அடியில் நுழையும். கால்களை இயக்கும் பற்றறியோ சார்ஜ் ஏற்ற ஆளில்லாமல் குளிரில் கிடந்து செத்துவிட்டது.

போன கிழமை உன் மனைவி தொலைபேசியில் கேட்டார். "அண்ணை, இதை எப்ப எடுக்கிறியள்? இது கண்ணிலை படும் எண்டு யன்னல் சீலையை விலக்கவே ஏலாமல் கிடக்கு."

எடுக்கிறது. உன் செத்தவீட்டன்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் என்னிடம் கேட்டதெல்லாம் அந்தச் சொல்தானே. "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" அவர் அதை நினைத்துக் கேட்கவில்லை. எனக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. "ஏத்துறதோ? ஞாயிற்றுக்கிழமை ஏத்துவம்" என்று சொல்லை மாற்றிப் பதில் சொன்னேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன், எந்தப் பற்றறியை வாங்குவதென்று முடிவெடுக்க முடியவில்லை. கடைக்குப் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தேன். லித்தியம் என்றால் பாரம் குறைவு. வண்டியின் மொத்தப் பாரம் மூன்றரைத் தொன்னைத் தாண்டினால் பொலிஸ் மறிக்கும் என்று உன்னோடு எத்தனை முறை கத்தியிருப்பேன். நீ ஈயப் பற்றறியை விடவேயில்லை. கூட்டோடு போய்த் தங்கிய ஏரிக்கரையில் கை விறைத்த ஒரு காலையில், தேநீரை ஊதிக்கொண்டு சொன்னாய்: "காலுக்குத் தேவை ஒரு மூச்சுப் பலம். சமையலுக்குத்தான் நாள் முழுக்கக் கரண்ட் வேணும். ரெண்டையும் ஒண்டில கட்டாதை. உன்ர லித்தியம் குளிருக்கை மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கும்."

"நீ மட்டும் பெரிய இஞ்சினியர்" என்றேன். அன்று மத்தியானம் வரை நாம் கதைக்கவில்லை.

இப்போது லித்தியத்தை வாங்கினால் மறுத்துப் பேச நீ இல்லாத நேரம் பார்த்து வென்றவன் ஆவேன். ஈயத்தை வாங்கினால் செத்தவனுக்கு விட்டுக்கொடுத்தது போல இருக்கும். இரண்டும் பிடிக்கவில்லை. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. சண்டையை முடிக்காமல் போகிறவன் எல்லாம் ஒரு சிநேகிதனா?

சனிக்கிழமை கடை பூட்டுகிற நேரம் ஈயத்தைத்தான் தூக்கி வந்தேன். நீ சொன்னபடி கால்களுக்கென்று தனியாக, குட்டையான தடித்த வயரில் பூட்டினேன். ஞாயிறு காலை பொத்தானைத் தொட்டதும் நான்கு கால்களும் உறுமிக்கொண்டு நீள, கூடு எழும்பியது. பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தேன். "வா, வா, பொறு" என்று பின்னால் நின்று கத்த ஆளில்லாமல், இறங்கி இறங்கிப் பார்த்து ஏற்றினேன்.

உன் மனைவி குளிர்ச்சட்டையோடு கீழே வந்து நின்றார்.

"அவர் சொன்ன பற்றறியோ, அண்ணை?"

"ஓம். அவர் சொன்னதுதான்."

"அப்ப ஒருநாளும் ஒத்துக்கொள்ளேல்லையே நீங்கள்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று அழுகையாகிவிட்டது. எனக்கும்தான்.

நீ வென்றாய், மச்சான். சொல்லிவிட்டேன். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியதுமே, பின் டயருக்கு இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும் என்று உன்னோடு அடுத்த வாதத்தைத் தொடங்கிவிட்டேன். நீ பதில் சொல்ல மாட்டாய் என்பதற்காக அதை நிறுத்துவதாக இல்லை.